ஞானதுரை முறைப்படி சூளை அடுக்குவது எப்படி

பதினோரு வருஷமாக ஒரே சூளைக்குள் தலையை விட்டுச் சாமான் அடுக்கிக்கொண்டிருக்கும் நஜ்முன்னிசாவுக்கு, சாமான் அடுக்குவது எப்படி என்று கற்றுக்கொடுக்க மாட்டுங்காவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து இறங்கினார். பெயர் ஆதித்யன். தோளில் லேப்டாப் பை, கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதைச் சுவருக்கு நேராக நீட்டினால் சுவரின் சூடு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் சொல்லுமாம். சுவர் சுடுகிறது என்று தெரிந்துகொள்ள நஜ்முன்னிசாவுக்கு இதுவரை உள்ளங்கையே போதுமானதாக இருந்தது.

தாராவியில் மண்சாமான் சுடுகிறவர்கள் கரண்டை வீணாக்குகிறார்கள், அவர்களைத் திருத்த வேண்டும் என்று எங்கோ ஒரு கம்பெனிக்குத் தோன்றியிருந்தது. ஏழு பட்டறைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று மாதம் அளப்பார்கள். கடைசி வாரத்து அளவின்படி ஒரு கிலோ சாமானைச் சுட எந்தப் பட்டறை மிகக் குறைந்த யூனிட் செலவழிக்கிறதோ, அதற்கு ஒரு புதுச் சூளை பரிசு. அதற்கான நோட்டீஸைப் படித்த அன்றே முதலாளி ஞானதுரை பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டுவிட்டார். புதுச் சூளை உட்காரப் போகும் இடம். அதை யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. மண் சுமந்து போகிறவர்கள் எல்லாரும் ஏதோ கோயில் கோலத்தைச் சுற்றிப் போவது போல அந்தக் காலித் தரையைச் சுற்றிப் போனார்கள்.

ஞானதுரை நாசரேத்துக்காரர். 'ஞானம் செராமிக்ஸ்' என்று போர்டு மாட்டி, பாந்த்ரா பக்கத்துக் காபிக்கடைகளுக்குக் கப்பும் தட்டும் செய்து கொடுக்கிறவர். அந்தக் கடைகளுக்குக் கப்பு கொஞ்சம் கோணலாக இருக்க வேண்டும். நேராக இருந்தால் மெஷினில் செய்தது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே சக்கரத்தில் உட்காரும் கணேசபாண்டியன் ஒவ்வொரு கப்பையும் நேராக வனைந்துவிட்டு, கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிக் கோணலாக்குவார். அந்த ஓர் அமுக்குக்குத்தான் கடைக்காரன் கூடுதல் விலை கொடுக்கிறான் என்பது நஜ்முன்னிசாவுக்கு இன்றுவரை சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அவள் வேலை சூளை. ஆள் உயர இரும்புப் பெட்டி, உள்ளே செங்கல் சுவர், சுவரோடு ஓடும் கம்பிச் சுருள். அதற்குள் பலகை வைத்து, பலகைக்கு நான்கு கால் கொடுத்து, அதன் மேல் அடுத்த பலகை என்று ஆறு தளம் எழுப்ப வேண்டும். கேட்பதற்கு அலமாரியில் டம்ளர் அடுக்குகிற மாதிரித்தான் இருக்கும். பக்கத்துப் பட்டறைகளில் அப்படித்தான் அடுக்கினார்கள். கப்புகளுக்கு நடுவே ஒரு நெட்டைக் கூஜாவை நட்டு, அதன் உயரத்துக்குக் கால் கொடுத்து, கப்புகளின் தலைக்கு மேல் ஒரு முழம் வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நஜ்முன்னிசா ஒரு தளத்தில் ஒரே உயரச் சாமானைத்தான் வைப்பாள். ஆறு பலகையில் முடிவதற்கு ஏழாவது பலகையைத் தொட மாட்டாள், பலகையும் சூடு குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாதி நிரம்பிய சூளையை மூட விட மாட்டாள். முதலாளி அர்ஜன்ட் என்று குதித்தாலும், "சாமான் சேரட்டும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துவிடுவாள்.

இத்தனை கவனம் முதலாளி மேல் உள்ள பாசத்தால் வந்ததல்ல. அவள் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் கூலி ஏற்றிக் கேட்டாள். ஞானதுரை தாடையைச் சொறிந்தார்.

"கூலியெல்லாம் இப்ப ஏத்த முடியாதும்மா. ஒண்ணு செய்யி. எல்லாச் சாமானும் வச்ச பெறவு இடுக்குல எடம் கெடந்தா, ஒனக்கு வேண்டியத வச்சுச் சுட்டுக்க. கழிச்சுப் போட்ட மண்ணு, வாளி அடியில கெடக்குற கிளேஸ், எல்லாம் எடுத்துக்க. இடுக்கு ஒன்னுது."

கையில் இல்லாததைத் தூக்கிக் கொடுப்பதில் ஞானதுரையை மிஞ்ச ஆள் கிடையாது. வெறும் இடுக்கைக் கொடுத்துவிட்டுச் சம்பள உயர்வு கொடுத்ததாக நினைத்துக்கொண்டார். அவளும் அதை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். இடுக்கு தனக்கு என்று ஆன பிறகு, அவள் கண் இடுக்கைத் தேட ஆரம்பித்தது. கப்புகளை இன்னும் நெருக்கினாள். தட்டுகளின் ஓரத்தை இன்னும் ஒட்டினாள். கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு சூட்டில் உருகி ஒட்டும், அதனால் அது பூசின சாமான் ஒன்றோடொன்று உரசாமல் ஒரு விரல் இடம் விட்டு, மூலையில் சேர்த்துச் சேர்த்து இடத்தை மிச்சம் பிடித்தாள்.

அந்த இடத்தில் அவள் சுட்டது சாம்பிராணிச் சட்டி. அவள் குடியிருப்பு மான்குர்து பக்கம், சீத்தா கேம்பில். வெள்ளிக்கிழமை என்றால் அங்கே தமிழ் வீடு அத்தனையிலும் சாம்பிராணி புகையும். அடுத்த சூளைக்கு என்னென்ன சாமான் காய்கிறது என்று ரேக்கைப் பார்த்தாலே அவளுக்கு எங்கே எவ்வளவு இடுக்கு விழும் என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கே சட்டியைப் பிடிப்பாள். கப்புகள் அதிகம் என்றால் ஒல்லிச் சட்டி. தட்டுகள் என்றால் தரையோடு படுத்த சட்டி. கூஜா வந்தால் ஒரு பக்கம் ஒடுங்கிய சட்டி. ஒன்று போல் ஒன்று இருக்காது. சீத்தா கேம்பில் அதைக் கைவேலைப்பாடு என்று சொல்லி, "நஜ்மு சட்டி" என்றே கேட்டு வாங்கினார்கள். அவளும் மறுத்ததில்லை.

இப்போது அவளுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. கோவண்டியில் இருக்கும் ராபியா, தன் மகள் நிக்காஹ்வுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அறுபது சட்டி கேட்டிருந்தாள். "வேற எங்கயும் வாங்க மாட்டேன், ஒன் கையால வேணும்" என்று சொல்லிவிட்டாள். நஜ்முன்னிசா வாக்குக் கொடுத்துவிட்டாள். முப்பது சுட்டு முடிந்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மிச்சம் முப்பது முதல் சூடு முடிந்து, கிளேஸ் பூசி, கடைசிச் சூட்டுக்காகப் பட்டறைப் பரணில் காத்திருந்தது.

ஆதித்யன் முதல் மாதம் முழுக்க அளந்தார். மீட்டரைப் பார்த்தார், தராசில் நிறுத்தார், அவள் அடுக்குவதை இரண்டு தடவை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஆள் மோசமில்லை. "இதை ஏன் இங்க வைக்கறீங்க ஆன்ட்டி?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். அவளும் சொன்னாள். ஈரச் சாமான் ஏன் கூடாது, கம்பிக்குப் பக்கத்தில் ஏன் இரண்டு விரல் விட வேண்டும், கனமானதை எல்லாம் ஒரே தளத்தில் போட்டால் அந்தத் தளம் ஏன் சூட்டில் பின்தங்கும், எல்லாம் சொன்னாள். அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். பதினோரு வருஷத்தில் அவளை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த ஒரு மதியம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எழுதி முடித்துவிட்டு ஆதித்யன் நிமிர்ந்து, "இது யாரோட மெத்தட்?" என்று கேட்டார்.

"என்னுதுதான்" என்றார் ஞானதுரை. "பதினோரு வருசமா சொல்லிச் சொல்லி இவளுக்கு வெளங்க வச்சிருக்கேன். லேசுல மண்டையில ஏறல."

அப்போது நஜ்முன்னிசாவின் தலை சூளைக்குள் இருந்தது. வெளியே எடுத்தாள். ஞானதுரை அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குச் சூளைக்குள் எத்தனை பலகை என்று கேட்டால் விரல் விட்டு எண்ண வேண்டும். அவள் மறுபடி தலையை உள்ளே விட்டாள். முகம் சுட்டது, சூளைக்கு இன்னும் சுவிட்சே போடவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஆதித்யன் ஒரு கட்டு நோட்டீஸோடு வந்தார். இந்தியிலும் தமிழிலும் அச்சடித்தது. ஏழு பட்டறைக்கும் கொடுக்கப் போகிறாராம். தலைப்பு: 'ஞானதுரை முறைப்படி சூளை அடுக்குவது எப்படி'. கீழே ஏழு படி. ஓரத்தில் ஞானதுரையின் போட்டோ, கையில் ஒரு பலகையோடு. சாமான் ஒட்டாமலிருக்கப் பூசிய வெள்ளைப் பூச்சுப் பக்கம் தரையைப் பார்க்க, அந்தப் பலகையை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஆதித்யனுக்கு அச்சில் வந்த தமிழைப் படிக்க வரவில்லை. "கரெக்டா இருக்கா பாருங்க ஆன்ட்டி" என்று அவளிடமே நீட்டினார். அவள் ஏழையும் படித்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூட விடுபடவில்லை. அவளைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"சார், கங்கிராட்ஸ்" என்று ஆதித்யன் முதலாளி பக்கம் திரும்பினார். "இந்த லேன்ல ஆவரேஜ், கிலோவுக்கு ரெண்டரை யூனிட்டுக்கு மேல. உங்களுது ஒண்ணேமுக்கால்கூட இல்ல. ஆக்சுவலி மெயின் காரணம் அஞ்சாவது பாயின்ட். இடுக்குல ஃபிட் ஆகற மாதிரி சின்னச் சாமான் பண்ணி வைக்கறது. ஒரு தடவைக்கு உங்க கப்பு, தட்டு எல்லாம் சேர்த்து அறுபது கிலோ. ஆன்ட்டியோட சட்டி மட்டும் பதினாலு கிலோ வர்றது!"

"எத்தனை?"

"பதினாலு. கரண்ட்ல பெரும்பகுதி சுவரையும் பலகையையும் சூடாக்கத்தான் சார் போறது. இடம் காலியா இருந்தாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான். சோ, இந்தப் பதினாலு கிலோ ஏறக்குறைய ஃப்ரீ."

இதைவிடத் தெளிவாக ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாது. சக்கரத்தில் இருந்த கணேசபாண்டியனுக்குக்கூட விளங்கியது. ஆனால் ஞானதுரையின் காது அவருக்கு வேண்டியதை மட்டும் கேட்கும் காது. பதினாலு கிலோ என்று கேட்டது. ஃப்ரீ என்று கேட்டது. அதற்கு மேல் அது ஒன்றையும் உள்ளே விடவில்லை.

ஆதித்யன் போன பிறகு அவர் சூளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா நஜ்மு. பதினாலு கிலோவா?"

"இடுக்குல வச்சதுதான் அண்ணாச்சி. நீங்க கொடுத்ததுலா."

"இடுக்குன்னா ஒண்ணு ரெண்டு வைப்பன்னு நெனச்சேன். நீ என்னமோ தனிப் பட்டறையே நடத்திட்டு இருக்க! என் மண்ணு, என் கிளேஸு, என் கரண்டு. பத்து வருசமா ஃப்ரீயா!"

"அந்தத் தம்பி என்ன சொன்னாவ? என் சட்டி இல்லாட்டியும் கரண்டு அவ்வளவுதான் ஓடும்னு சொன்னாவல்லா? அது இருக்கப் போய்த்தான் ஒங்க கணக்கு கொறையுது."

"எனக்கே பாடம் எடுக்கியா?" அவர் நோட்டீஸை எடுத்து அதில் இருந்த தன் படத்தைத் தட்டினார். "இது யாரு? இனிமே இடுக்கும் என்னுதுதான். ஒன் சட்டி ஒண்ணு உள்ள போவக் கூடாது."

"பரண்ல முப்பது கெடக்கு அண்ணாச்சி. கல்யாணத்துக்குச் சொன்னது. அத மட்டும் சுட்டுக்கிடுதேன்."

"அந்தால வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. ஒங்க வீட்டு கேஸ் அடுப்புல சுடு."

கணேசபாண்டியன் சக்கரத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நஜ்முன்னிசாவுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, அதை இந்த ஆளுக்கு முன்னால் விடுவதைவிடச் சூளைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்று பல்லைக் கடித்தாள். அன்று சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, மான்குர்தில் இறங்குகிறவரை ராபியாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். நிக்காஹ்வுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

மறுநாளிலிருந்து சூளையை ஞானதுரையே அடுக்கினார். தன் பெயரில் நோட்டீஸ் வந்த பிறகு, அந்த முறையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. நஜ்முன்னிசாவைப் பேப்பரில் கப்பு சுற்றிப் பெட்டியில் வைக்கிற வேலைக்கு மாற்றினார். அவள் சூளைக்கு நேர் எதிரே உட்கார்ந்து பழைய பேப்பரைக் கிழித்துக்கொண்டே பார்த்தாள். காசு கொடுத்தாலும் கிடைக்காத வேடிக்கை.

நோட்டீஸைச் சூளைக் கதவில் ஒட்டிவைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். முதல் படி, சாமானை உயரவாரியாகப் பிரிக்கவும். பிரித்தார். மேலேயிருந்து பார்த்துப் பிரித்ததால் கைப்பிடி வைத்த கப்பும் வைக்காத கப்பும் கலந்து, கைப்பிடிகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. ஐந்தாவது படிக்கு அவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தார். இடுக்கில் வைப்பதற்கென்று கணேசபாண்டியனை அச்சில் நூறு யானை போடச் சொல்லியிருந்தார். எல்லா யானையும் ஒரே அளவு. துதிக்கை முன்னால் நீட்டியபடி, காது இரண்டு பக்கமும் விரிந்தபடி. இடுக்கோ ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. யானை எதிலும் நுழையவில்லை. யானைக்காக அவர் கப்பைத் தள்ளி வைத்தார். தள்ளி வைத்த கப்புக்கு இடமில்லாமல் ஏழாவது பலகையை எடுத்தார்.

சூளை திறந்தபோது பதினொரு யானை கப்புகளோடு கிளேஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கப்பைத் தூக்கினால் யானையும் கூடவே வந்தது. கணேசபாண்டியன் இருமலை வரவழைத்துக்கொண்டு வெளியே போனார். யானையை யார் வாங்குவார்கள் என்று ஞானதுரை யோசித்திருக்கவில்லை. யாரும் வாங்கவில்லை.

மூன்றாம் மாதம் பாதியில் ஆதித்யன் மீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "என்ன சார் ஆச்சு? ரெண்டே கால் போயிடுத்து. கடைசி வாரம் ஃபைனல் அளவு எடுக்கணும். ஆன்ட்டி ஏன் அடுக்கலை?"

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல" என்றார் ஞானதுரை. நஜ்முன்னிசா அவருக்குப் பின்னால் உட்கார்ந்து நன்றாகவே கப்பு சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசி வாரத்துக்கு ஞானதுரை ஒரு யோசனை கண்டுபிடித்தார். இது நிஜமாகவே அவர் கண்டுபிடித்தது, அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. கிலோவுக்கு இத்தனை யூனிட் என்றுதானே கணக்கு? கிலோவைக் கூட்டினால் போகிறது. கொல்லையில் கிடந்த உடைந்த பூந்தொட்டிகள், பழைய சூளையிலிருந்து பெயர்த்த செங்கல்கள், எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார். காபிக்கடையின் பெரிய ஆர்டர் அந்த வாரம்தான் சூளை ஏற வேண்டும், இருநூற்று நாற்பது கப்பு. அதையும் ஏற்றினார். அதற்கு இடையிடையே, கீழ் மூன்று தளம் முழுக்க, ஐம்பது கிலோ செங்கலையும் தொட்டியையும் திணித்தார். ஒருமுறை சுட்ட செங்கலை இன்னொருமுறை சுட்டு, அதையும் சாமான் கணக்கில் எழுதி, கரண்டை மிச்சம் பிடிக்கப் போகிறாராம்.

நஜ்முன்னிசா வாயைத் திறந்தாள். செங்கல் சூட்டைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். சூட்டை அளக்கும் கம்பி சூளையின் மேல்பாதியில்தான் இருக்கிறது. மேலே சூடு வந்துவிட்டது என்று அது சொல்லி மெஷின் அணைந்துவிடும், கீழே பாதிகூட வெந்திருக்காது. இது அந்த நோட்டீஸிலேயே போட்டிருக்கிறது, ஆறாவது படி. படித்தவருக்கு விளங்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த பேப்பரைக் கிழித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தார்கள். ஆதித்யன் தராசோடு வந்திருந்தார். மேல்தளத்துக் கப்புகள் பளபளவென்று இருந்தன. கீழே வரவர நிறம் செத்து, கடைசித் தளத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரிச் சொரசொரவென்று நின்றன. நூற்று இருபது கப்பு. காபி ஊற்றினால் குடித்துவிட்டுக் கறை பிடித்து உட்கார்ந்திருக்கும். ஆதித்யன் ஒரு செங்கலை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"சார், இது என்ன ப்ராடக்ட்?"

ஞானதுரை மின்விசிறியைப் பார்த்தார்.

புதுச் சூளை நாலு வீடு தள்ளியிருக்கும் அர்பாஸுக்குப் போயிற்று. அர்பாஸ் வேறு ஒன்றும் செய்யவில்லை. நோட்டீஸை இந்தியில் படித்தான், அதில் இருந்ததைச் செய்தான். பரிசு வாங்கிய அன்று தெருவெல்லாம் ஜிலேபி கொடுத்துக்கொண்டு வந்து, "க்யா மஸ்த் தரீக்கா ஹை அண்ணா, ஞானதுரை தரீக்கா!" என்று அந்த முறையை மெச்சி ஞானதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஞானதுரை அந்த ஜிலேபியை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பாகு முழங்கை வரை வழிந்தது. போகிற வழியில் அர்பாஸ் நஜ்முன்னிசாவிடம் குனிந்து, "ஆபா, மேரே யஹாம் ஆ ஜாவோ" என்று தன் பட்டறைக்கே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டுப் போனான். அதை ஞானதுரையும் கேட்டார்.

அர்பாஸின் பட்டறை அரை நிமிஷ நடை. முப்பது சட்டியையும் கூடையில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நஜ்முன்னிசா போகவில்லை. பதினோரு வருஷம் இந்தச் சூளைக்குள் முதுகு வளைத்திருக்கிறாள். கொடுத்ததைப் பிடுங்கிய வாய் இது, இந்த வாயே திரும்பக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம். ஆசையும்தான், அதை எதற்கு மறைக்க வேண்டும்.

மறுநாள் காலையிலேயே வாய் திறந்தது. காபிக்கடைக்காரன் சனிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தான். வேகாத கப்புகளை மறுபடி சுட்டால் சரியாகிவிடும். ஆனால் இன்னொரு தடவை கெட்டால் ஆர்டரும் போகும், ஆளும் போவான். நிக்காஹ்வும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஞானதுரை பேப்பர்க் கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நஜ்மு, ஒடம்புக்குத் தேவலையா?"

"எனக்கென்ன அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் சீக்குன்னு சொன்னிய."

"சரி விடு. கோவத்துல ஆயிரம் பேசுவோம். நீயே அடுக்கிரு. பழையபடி இடுக்க நீயே வச்சுக்க."

நஜ்முன்னிசா கையிலிருந்த கப்பைச் சுற்றி முடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"இடுக்கு எனக்கு வேண்டாம்."

"பெறவு?"

"நடுப் பலகை."

ஞானதுரைக்குப் புரியவில்லை. அவள் எழுந்து வந்து சூளைக்குள் கையை நீட்டிக் காட்டினாள். நடுத்தளம். சூடு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் சீராக நிற்கிற இடம். எப்போதும் காபிக்கடையின் நல்ல கப்புகளை அவள் வைக்கிற இடம்.

"அது எனக்கு. ஒவ்வொரு சூளைக்கும். என் சாமானுக்குத்தான் மொதல்ல எடம். மிச்ச எடத்துல ஒங்க கப்ப வைப்பேன்."

"என் சூளையிலயா?"

"ஒங்க முறையில பலகை ஏழுன்னுலா வச்சிய. நான் ஆறுல முடிச்சுத் தாரேன். எனக்கு ஒண்ணு போனா ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு? இல்ல, வேண்டாம்னா சொல்லுங்க. அர்பாஸ் வீட்டுல புதுச் சூளை சும்மாதான் கெடக்கு."

ஞானதுரை கணேசபாண்டியனைப் பார்த்தார். கணேசபாண்டியன் ஒரு கப்பை அமுக்கிக் கோணலாக்குவதில் மும்முரமாக இருந்தார். வேறு பார்ப்பதற்கு மின்விசிறிதான் மிச்சம்.

"வச்சுத் தொலை" என்றார்.

நஜ்முன்னிசா பரணிலிருந்து முப்பது சட்டியையும் இறக்கினாள். முதலில் கீழ்த்தளங்களைக் கட்டினாள், பலகையைத் தட்டிப் பார்த்துக் கால் கொடுத்தாள். நடுப் பலகை வந்ததும் தன் சட்டிகளை நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் விட்டு, கண்ணுக்கு அழகாக வைத்தாள். இதற்கு முன் அவள் சட்டிகள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, மூலைக்கு ஒன்றாகத்தான் நின்றிருக்கின்றன. ஒரே பலகையில் முப்பதும் சேர்ந்து நிற்பதைக் கண்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகுதான் மேல்தளங்களுக்குப் போனாள். நூற்றுப் பத்தொன்பது கப்பும், வேறொரு கடையின் தட்டுகளும், மிச்ச ஐந்து பலகையில் ஒரு விரல் இடம் வீணாகாமல் அடங்கின.

ஒரு கப்பு மிஞ்சியது. கிளேஸ் உதிர்ந்துபோயிருந்த கப்பு அது, ஞானதுரையே அதை எடுத்துப்போய் வாளியில் மறுபடி முக்கி, உலர வைத்துக் கொண்டுவருவதற்குள் மற்றதெல்லாம் ஏறிவிட்டது. அவர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சூளைக்குள் எட்டிப்பார்த்தார். மேலே இடமில்லை. கீழே இடமில்லை. நடுப் பலகையில் மட்டும், இரண்டு சட்டிகளுக்கு நடுவே, ஒரு கப்பு அளவுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது.

"நஜ்மு" என்றார். குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. "அந்த இடுக்குல இது ஒண்ணு நொழையுமாம்மா?"

நஜ்முன்னிசா கப்பை வாங்கினாள். தலைகீழாகத் திருப்பினாள். அடிவட்டம் முழுக்கக் கிளேஸ் அப்பிக் கிடந்தது. அப்படியே வைத்தால் உருகிப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் தெரிந்த விஷயம். அவள் கப்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அடியத் தொடச்சுட்டு வாங்க அண்ணாச்சி."

ஞானதுரை தண்ணீர் வாளிக்கு முன்னால் வேட்டியை மடித்துக் குந்தி உட்கார்ந்து, ஸ்பாஞ்சை நனைத்துத் துடைத்தார். எழுந்து வந்து, கப்பைக் கவிழ்த்து அவளிடம் காட்டினார். அவள் கட்டைவிரலை வட்டத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு" என்றாள்.

அவர் மறுபடி வாளிக்குப் போனார்.